சந்தன எண்ணெய்த் தரப்படுத்தல்

சந்தன எண்ணெய்த் தரப்படுத்தல் என்பது சந்தன மரத்தின் வைரக்கட்டையையும், அதிலிருந்து காய்ச்சி வடிக்கப்படும் எண்ணெயையும் இயற்பியல், வேதியியல் சோதனைகளால் ஆய்ந்து தரம் பிரிக்கும் முறையாகும். மணம் மூக்கால் உணரப்படுவது. எனினும் அம்மணத்தைத் தரும் சாண்டலால் என்னும் சேர்மங்களின் அளவை ஆய்வகத்தில் எண்ணாகக் கணக்கிட இயலும். அந்த எண்ணே இன்று எண்ணெயின் விலையை முடிவு செய்கிறது. கட்டையோ பெரும்பாலும் எடை, பருமன், வெடிப்பு, பொந்து ஆகிய புறத் தோற்றங்களைக் கொண்டே வகைப்படுத்தப்படுகிறது. கட்டைக்கு ஓர் அளவுகோலும் எண்ணெய்க்கு வேறோர் அளவுகோலும் இருப்பது இத்துறையின் அடிப்படைச் சிக்கலாகும். தமிழ்நாடு, கருநாடக எல்லையில் உள்ள ஓசூர், தேன்கனிக்கோட்டை, கிருட்டிணகிரி வட்டாரம் போன்ற சந்தனம் விளையும் பகுதிகளில் இது மரம் வளர்ப்போரை நேரடியாகப் பாதிக்கும் ஒன்றாகும்.

சந்தன மரமும் எல்லைப் பகுதியும்

சந்தன மரம் (சாண்டாலம் ஆல்பம்) சாண்டலேசியே குடும்பத்தைச் சேர்ந்த, ஓரளவு ஒட்டுண்ணியாக வாழும் சிறு மரமாகும். இதன் வேர்கள் அருகில் உள்ள பிற செடிகளின் வேர்களைப் பற்றிக்கொண்டு நீரையும் தாது உப்புகளையும் பெறுகின்றன. தக்காணத்தின் வறண்ட இலையுதிர் காடுகள் இதன் இயல்பான வாழிடங்கள். மேலகிரி மலைத்தொடரில் அமைந்த தேன்கனிக்கோட்டை, அய்யூர், ஜவளகிரி, அஞ்செட்டி, உரிகம் ஆகிய காடுகளிலும், கிழக்கே சவ்வாது மலையிலும் சந்தனம் இயற்கையாக வளர்கிறது. மேலகிரிக் காடுகளின் பெரும்பகுதி ஓசூர் வனக்கோட்டத்தில் அடங்கும். இவற்றில் ஒரு பகுதி 2014-ஆம் ஆண்டு காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இப்பகுதி முன்னர் சேலம் மாவட்டத்தின் வட பகுதியாக இருந்தது. 1965-இல் தருமபுரி மாவட்டத்திலும், 2004-இல் புதிதாக உருவான கிருட்டிணகிரி மாவட்டத்திலும் சேர்ந்தது. 1930-களில் சந்தன மரங்களை அழித்து வந்த ஸ்பைக் நோயைப் பரப்பும் பூச்சிகளைக் கண்டறியும் ஆய்வுகள் அய்யூர், ஜவளகிரி காடுகளில் நடைபெற்றன. இந்நோய் கண்ட மரத்தின் இலைகள் சிறுத்து, கிளை நுனிகளில் கதிர் போல் விறைத்து நிற்கும். மரம் சில ஆண்டுகளில் பட்டுப்போகும். பைட்டோபிளாசுமா என்னும் நுண்ணுயிரே இதற்குக் காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது.

நோய், சட்டத்திற்குப் புறம்பான வெட்டு, காட்டுத் தீ, மேய்ச்சல் ஆகியவற்றால் காட்டுச் சந்தனம் பெரிதும் குறைந்தது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1998-இல் இம்மரத்தை அழிவாய்ப்பு இனமாகப் பட்டியலிட்டது. கிடைக்கும் கட்டை குறையக் குறைய விலை உயர்ந்தது. விலை உயர உயரக் கலப்படமும் பெருகியது. இதனால் தரச் சோதனையின் தேவை முன்னினும் மிகுந்தது.

தொழில் வரலாறு

முதல் உலகப் போருக்கு முன்னர் மைசூர் அரசின் சந்தனக் கட்டைகள் ஏலத்தில் விற்கப்பட்டு, பெருமளவில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டன. எண்ணெய் வடிக்கும் பணி அங்கேயே, குறிப்பாகச் செருமனியில், நடந்தது. 1914-இல் போர் தொடங்கியதும் இவ்வணிகம் நின்றது. கட்டையை உள்நாட்டிலேயே வடிப்பதற்கான முயற்சியை மைசூர் அரசு மேற்கொண்டது. அரசின் தொழில் துறைக்குப் பொறுப்பேற்றிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் இதனை முன்னெடுத்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த சட்பரோ, வாட்சன் ஆகிய வேதியியலாளர்கள் வடிப்பு முறையை வகுத்துத் தந்தனர். 1916-இல் பெங்களூரில் எண்ணெய் வடிப்பு தொடங்கியது. அதனைத் தொடர்ந்து மைசூரிலும் ஆலை அமைந்தது. ஆய்வகச் சோதனைக்கு உட்பட்ட எண்ணெய் என்னும் நற்பெயரே மைசூர்ச் சந்தன எண்ணெய்க்கு உலகச் சந்தையில் இடம் பெற்றுத் தந்தது. அது பின்னர் புவிசார் குறியீடும் பெற்றது.

ஓசூரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ள பெங்களூரில் மர அறிவியல், தொழில்நுட்ப நிறுவனம் 1988 முதல் இயங்கி வருகிறது. இந்திய வனவியல் ஆராய்ச்சி, கல்விக் குழுவின் கீழ் உள்ள இந்நிறுவனம் சந்தன ஆராய்ச்சியில் முதன்மையான ஒன்றாகும்.

கட்டையைத் தரம் பிரித்தல்

வெட்டப்பட்ட மரம் அரசின் சந்தனக் கிடங்கிற்குக் கொண்டு செல்லப்படுகிறது. தமிழ்நாட்டில் திருப்பத்தூர், சேலம், சத்தியமங்கலம் ஆகிய ஊர்களில் இத்தகைய கிடங்குகள் உள்ளன. அங்கு மணமற்ற வெண்ணிற வெளிக்கட்டை செதுக்கி நீக்கப்படும். எஞ்சிய வைரக்கட்டை மரபு வழி வந்த 18 வகைகளாகப் பிரிக்கப்படும். வகைகளின் பெயர்கள் பழைய வணிகர் வழக்கிலிருந்து வந்தவை. அவற்றுள் முதல் மூன்று பின்வருமாறு:

விலாயத் புத்: குறையற்ற கட்டைகள். ஒவ்வொன்றும் 9 கிலோவிற்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஒரு டன்னில் 112 கட்டைகளுக்கு மேல் இருத்தல் கூடாது.

சைனா புத்: சற்றுத் தரம் குறைந்தவை. ஒவ்வொன்றும் 4.5 கிலோவிற்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஒரு டன்னில் 224 கட்டைகளுக்கு மேல் கூடாது.

பஞ்சம்: கணு, வெடிப்பு, சிறு பொந்து உடையவை. ஒவ்வொன்றும் 2.2 கிலோவிற்குக் குறையாதிருத்தல் வேண்டும். ஒரு டன்னில் 448 கட்டைகளுக்கு மேல் கூடாது.

இவற்றிற்குக் கீழே குட்டைத் துண்டுகள், வேர்கள், பொந்துக் கட்டைகள், சில்லுகள், மரத்தூள் ஆகியன தனித்தனி வகைகளாக அமையும்.

இவ்வகைப்பாடு சிற்ப வேலைக்குப் பொருத்தமானது. சிற்பிக்குப் பருமனான, வெடிப்பில்லாத கட்டை தேவை. எண்ணெய் வடிப்பவருக்கு இவை முக்கியமல்ல. வேரில் எண்ணெய் மிகுதி. தண்டில் அடியிலிருந்து நுனி நோக்கியும், நடுவிலிருந்து புறம் நோக்கியும் எண்ணெய் குறைந்து செல்லும். எனவே தோற்றத்தில் கீழ் வகையாகத் தோன்றும் வேர்த்துண்டு, உயர் வகைத் தண்டுக் கட்டையைக் காட்டிலும் மிகுந்த எண்ணெய் தரக்கூடும்.

வயதின் பங்கு இதனினும் பெரிது. சுமார் 10 ஆண்டு வயதுள்ள மரத்தில் வைரம் மிகச் சிறிதே உருவாகியிருக்கும். அதில் எண்ணெய் 2 விழுக்காட்டிற்கு மிகாது. 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட முதிர்ந்த மரத்தின் வைரத்தில் இது 2 முதல் 6 விழுக்காடு வரை இருக்கும். எடுத்துக்காட்டாக, 10 கிலோ வைரக்கட்டையில் எண்ணெய் 1 விழுக்காடாயின் கிடைப்பது 100 கிராம். 4 விழுக்காடாயின் 400 கிராம். தராசில் இரண்டும் ஒரே எடையே.

எண்ணெயின் வேதியியல்

சந்தன எண்ணெய் பெரும்பாலும் செசுகிட்டெர்பீன் வகைச் சேர்மங்களால் ஆனது. இவை 15 கரிம அணுக்களைக் கொண்டவை. மரத்தின் உயிரணுக்களில் பார்னெசைல் டைபாசுபேட் என்னும் பொருள் நொதியின் துணையால் சாண்டலீன்கள் என்னும் ஐதரோகார்பன்களாக மாறுகிறது. வேறு நொதிகள் சாண்டலீன்களில் ஓர் ஆக்சிசன் அணுவைச் சேர்க்கும்போது சாண்டலால்கள் என்னும் ஆல்ககால்கள் உருவாகின்றன. சாண்டலாலின் ஒரு மூலக்கூறில் 15 கரிம அணுக்களும், 24 ஐதரசன் அணுக்களும், 1 ஆக்சிசன் அணுவும் உள்ளன.

சாண்டலால்களுள் இரண்டு முதன்மையானவை. ஆல்ஃபா-சாண்டலால் அளவில் மிகுதியானது. மெல்லிய மர மணம் உடையது. பீட்டா-சாண்டலால் அளவில் அதன் பாதிக்கும் குறைவாக இருப்பினும், சந்தனத்திற்கே உரிய இனிய, நீடித்த மணத்தைத் தருவது இதுவே. ஆகவே இரண்டையும் கூட்டிச் சொல்லும் ஓர் எண், எண்ணெயின் மணத்தை முழுமையாகக் காட்டாது.

சாண்டலால்களின் கொதிநிலை சுமார் 300° செல்சியசு ஆகும். எனவே கட்டைத்தூளை நீராவியில் நீண்ட நேரம், மரபு வழி ஆலைகளில் இரண்டு மூன்று நாட்கள் வரை, வடித்தல் வேண்டும். எளிதில் ஆவியாகும் சாண்டலீன்கள் முதலில் வரும். சாண்டலால்கள் பிந்தி வரும். எரிபொருளை மிச்சப்படுத்த வடிப்பை இடையில் நிறுத்தினால், நல்ல கட்டையிலிருந்தும் தரம் குறைந்த எண்ணெயே கிடைக்கும்.

இயற்பியல் சோதனைகள்

பன்னாட்டுத் தர நிறுவனத்தின் ஐ.எஸ்.ஓ 3518 என்னும் தரவரையறை 2002-இல் திருத்தப்பட்டது. இந்தியத் தர நிறுவனத்தின் ஐ.எஸ் 329 என்னும் வரையறையும் சந்தன எண்ணெய்க்கு உரியதே. ஐ.எஸ்.ஓ 3518 விதிக்கும் முதன்மையான எல்லைகள்:

ஒப்படர்த்தி (20° செல்சியசில்): 0.968 முதல் 0.983 வரை
ஒளிவிலகல் எண் (20° செல்சியசில்): 1.503 முதல் 1.509 வரை
ஒளிச்சுழற்சி: −21° முதல் −12° வரை
எசுத்தர் எண்: 10-க்கு மிகாமல்
கரைதிறன்: 1 பங்கு எண்ணெய் 5 பங்கு 70 விழுக்காட்டு ஆல்ககாலில் தெளிவாகக் கரைதல் வேண்டும்
மொத்த ஆல்ககால் (சாண்டலாலாகக் கணக்கிட்டு): 90 விழுக்காட்டிற்குக் குறையாமல்

இச்சோதனைகள் எளிய கருவிகளால் செய்யக்கூடியவை. எனினும் பல கலப்படங்களைக் காட்டிக்கொடுக்கும். எடுத்துக்காட்டாக, ஆமணக்கெண்ணெய் ஒரு கிளிசரைடு ஆகும். அதன் எசுத்தர் எண் சுமார் 180. சந்தன எண்ணெயில் அது 10 விழுக்காடு கலந்தால், அதனால் மட்டும் கலவையின் எசுத்தர் எண் சுமார் 18 கூடும். எல்லை 10 என்பதால் கலப்படம் உடனே வெளிப்படும். சிடார் மர எண்ணெய் 70 விழுக்காட்டு ஆல்ககாலில் கரையாது; அது மிகுதியாகக் கலந்த எண்ணெய் கரைசலைக் கலங்கச் செய்யும்.

மொத்தச் சாண்டலால் சோதனை

90 விழுக்காடு என்னும் எல்லையை அளக்கப் பயன்பட்ட பழைய முறை அசெட்டைலேற்றம் ஆகும். எண்ணெயை அசெட்டிக் நீரிலியுடன் கொதிக்கவைத்தால் அதில் உள்ள ஆல்ககால்கள் அசெட்டேட்டுகளாக மாறும். பின்னர் அளவறிந்த காரத்துடன் அவற்றைச் சிதைத்து, செலவான காரத்தின் அளவிலிருந்து ஆல்ககாலின் அளவைக் கணக்கிடுவர்.

இம்முறையில் ஒரு குறை உண்டு. செலவான காரம் ஆல்ககால் இருப்பதை மட்டுமே கூறும். அது எந்த ஆல்ககால் எனக் கூறாது. சந்தன எண்ணெயில் இயல்பாக உள்ள பெர்கமோட்டால், நியூசிஃபெரால், லான்சியால் முதலிய பிற ஆல்ககால்களும் சாண்டலாலாகவே கணக்கில் சேரும். மலிவான வேறு ஆல்ககால் கலக்கப்பட்டிருப்பினும் அதுவும் சேரும்.

வளிம நிறப்பிரிகை

வளிம நிறப்பிரிகை (கேஸ் குரோமட்டோகிராபி) இக்குறையை நீக்கியது. இதில் மிகச் சிறு துளி எண்ணெய் சூடான கருவியில் ஆவியாக்கப்படுகிறது. ஈலியம் அல்லது ஐதரசன் வளிமம் அந்த ஆவியை மயிரிழை போன்ற நீண்ட குழாயின் வழியே ஏந்திச் செல்கிறது. குழாயின் உட்பூச்சில் ஒவ்வொரு சேர்மமும் வெவ்வேறு நேரம் தங்கி, ஒன்றன்பின் ஒன்றாக வெளிவரும். வெளிவரும் ஒவ்வொரு சேர்மமும் வரைபடத்தில் ஒரு முகடாகப் பதிவாகும். முகட்டின் பரப்பு அளவைக் காட்டும். அது தோன்றும் நேரம் அடையாளத்தைக் காட்டும். இதனுடன் நிறை நிறமாலைமானியை இணைத்தால் ஒவ்வொரு முகட்டிற்கும் உரிய மூலக்கூறை உறுதி செய்யலாம்.

2002-ஆம் ஆண்டின் ஐ.எஸ்.ஓ 3518, இம்முறையில் அளக்கும்போது சிஸ் வடிவ ஆல்ஃபா-சாண்டலால் 41 முதல் 55 விழுக்காடும், சிஸ் வடிவ பீட்டா-சாண்டலால் 16 முதல் 24 விழுக்காடும் இருத்தல் வேண்டும் என விதித்தது.

90 விழுக்காடு குறித்த ஐயம்

இவ்விரு அளவுகளின் கீழெல்லைகளைக் கூட்டினால் 57 விழுக்காடும், மேலெல்லைகளைக் கூட்டினால் 79 விழுக்காடும் வருகின்றன. எந்நிலையிலும் 90 எட்டப்படவில்லை. ஒரே தரவரையறையில் இரு வேறு அளவு முறைகளின் எண்கள் அருகருகே நிற்பதே இதற்குக் காரணம்.

2004-இல் இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் ஆய்வாளர்கள் பல சந்தன எண்ணெய்களை நிறப்பிரிகையால் ஆராய்ந்தனர். 90 விழுக்காட்டுச் சாண்டலால் என்னும் எல்லையை அவை எட்டவில்லை என அவர்கள் கண்டனர். அதற்கு மாற்றாக, ஆல்ஃபா-சாண்டலால் 43 விழுக்காட்டிற்கும், பீட்டா-சாண்டலால் 18 விழுக்காட்டிற்கும் குறையாமல் இருத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தனர். எனவே ஓர் எண்ணெயில் 90 விழுக்காடு சாண்டலால் உள்ளது என்னும் சான்றைப் படிக்கும்போது, அது எம்முறையில் அளக்கப்பட்டது என்பதையும் சேர்த்துப் பார்த்தல் வேண்டும். முறையைக் குறிப்பிடாத எண் பொருளற்றது.

கலப்படத்தைக் கண்டறிதல்

தூய எண்ணெயின் வரைபடம் ஒரு கைரேகையைப் போன்றது. ஆத்திரேலியச் சந்தனம் (சாண்டாலம் இசுபிகேட்டம்) வேறோர் இனமாகும். அதன் எண்ணெய்க்குத் தனித் தரவரையறை உண்டு. அதில் ஆல்ஃபா-சாண்டலால் 15 முதல் 25 விழுக்காடு மட்டுமே. இந்தியச் சந்தனத்தில் மிகக் குறைவாகவே காணப்படும் பார்னெசால் அதில் குறிப்பிடத்தக்க அளவில் உள்ளது. 48 விழுக்காடு ஆல்ஃபா-சாண்டலால் உள்ள இந்திய எண்ணெயுடன் 20 விழுக்காடு உள்ள ஆத்திரேலிய எண்ணெயைச் சம அளவில் கலந்தால், கலவையில் 34 விழுக்காடே இருக்கும். இது 41 என்னும் கீழெல்லைக்கும் தாழ்ந்தது. பார்னெசாலின் முகடும் உயர்ந்து நின்று கலப்பை உறுதி செய்யும். ஆமைரிசு மர எண்ணெய், செயற்கைச் சந்தன மணப்பொருள்கள் ஆகியனவும் வரைபடத்தில் தமக்குரிய புதிய முகடுகளைத் தோற்றுவிக்கும். ஆமணக்கெண்ணெய் ஆவியாகாததால் சாதாரண நிறப்பிரிகை வரைபடத்தில் தோன்றாது. அதற்கு எசுத்தர் எண் சோதனையே ஏற்றது. ஆகவே பழைய சோதனைகளும் புதிய சோதனைகளும் ஒன்றுக்கொன்று துணையானவை.

நிற்கும் மரத்தைச் சோதித்தல்

மரத்தை வெட்டாமலேயே அதன் தரத்தை அறியும் முறைகளும் உள்ளன. துளைக்கோல் கொண்டு தண்டில் பென்சில் போன்ற மெல்லிய மாதிரித்துண்டு எடுக்கப்படுகிறது. அத்துண்டில் வெளிக்கட்டைக்கும் வைரத்திற்கும் இடையிலான நிற வேறுபாடு வைரத்தின் ஆரத்தைக் காட்டும். வைரப் பகுதியைக் கரைப்பானில் ஊறவைத்து எண்ணெயின் அளவையும், நிறப்பிரிகையால் சாண்டலாலின் அளவையும் அறியலாம். துண்டு எடுத்த உயரத்தைக் குறித்தல் இன்றியமையாதது. அடித்தண்டில் எடுத்த மாதிரி, முழு மரத்தின் சராசரியைவிட உயர்ந்த மதிப்பைக் காட்டும். துளையை உடனே அடைக்காவிடின் பூஞ்சை நுழையும் வாய்ப்பும் உண்டு.

அகிலுடன் ஒப்பீடு

சந்தனத்துடன் இணைத்துச் சொல்லப்படும் அகிலின் தரப்படுத்தல் இதனினும் கடினமானது. சந்தனத்தில் எண்ணெய் வைரம் முதிர்வதன் இயல்பான விளைவாகும். அக்குலேரியா மரங்களிலோ காயம் பட்டுப் பூஞ்சை தாக்கிய இடங்களில் மட்டுமே மணப்பிசின் ஊறும். பிற பகுதி மணமற்ற வெண்கட்டையே. இந்தியாவில் அகில் மரம் முதன்மையாக அசாம் முதலிய வடகிழக்கு மாநிலங்களில் வளர்கிறது. அகிலின் மணத்திற்குச் செசுகிட்டெர்பீன்களுடன் பினைலெத்தில் குரோமோன்கள் என்னும் சேர்மங்களும் காரணமாகும். சீன மருந்தியல் நூல், அகிற்கட்டையில் ஆல்ககாலில் கரையும் பகுதி 10 விழுக்காட்டிற்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்கிறது. எனினும் நிறம், நீரில் மூழ்கும் தன்மை, புகையின் மணம் ஆகியவற்றைக் கொண்டு தரம் பிரிக்கும் வழக்கமே வணிகத்தில் ஓங்கியுள்ளது.

சட்டமும் மரம் வளர்ப்போரும்

நெடுங்காலம் தனியார் நிலத்தில் வளர்ந்த சந்தன மரமும் அரசின் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. கருநாடகம் 2001-இலும் தமிழ்நாடு 2002-இலும் சட்டங்களைத் திருத்தி, நில உரிமையாளரையே மரத்தின் உரிமையாளராக ஏற்றன. தமிழ்நாட்டில் பட்டா நிலச் சந்தன மரங்களுக்கான விதிகள் 2008-இல் வெளியாயின. உரிமை கிடைத்தபோதிலும், மரத்தை வெட்டவும் கட்டையை எடுத்துச் செல்லவும் வனத்துறையின் இசைவு தேவை. மாநில எல்லையை ஒட்டிய நிலங்களின் உரிமையாளர்களுக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது. சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள மறு மாநிலத்திற்கு இசைவின்றிக் கட்டையைக் கொண்டு செல்லுதல் குற்றமாகும்.

சந்தனம் வளர்ப்பவர் ஒரு தலைமுறைக் காலம் காத்திருக்க வேண்டியவர். களவு அச்சமும் பணத் தேவையும் மரத்தை முதிரும் முன்பே வெட்டத் தூண்டுகின்றன. 12 ஆண்டு மரத்திற்கும் 30 ஆண்டு மரத்திற்கும் உள்ள வேறுபாடு சுற்றளவில் ஓரளவே தெரியும். வைரத்தின் அளவிலும் எண்ணெயின் அளவிலும் அது பன்மடங்காகும். வெட்டுவதற்கு முன் எடுக்கப்படும் ஒரு மாதிரித்துண்டின் சோதனை முடிவு, காத்திருப்பதால் கிடைக்கும் பயனை எண்ணாகக் காட்டவல்லது. இல்லையேல் எண்ணெய்த் தரம் பற்றிய அறிவு வாங்குபவரிடம் மட்டுமே இருக்கும். விற்பவர் எடையை மட்டுமே அறிந்தவராக இருப்பார்.

வரம்புகள்

வேதியியல் சோதனை தூய்மையையும் சேர்மங்களின் அளவையும் கூறும். மணத்தின் இனிமையை முழுமையாகக் கூறாது. மிகக் குறைந்த அளவில் உள்ள சேர்மங்கள் மணத்தை மாற்றக்கூடும். இதனால் நறுமணத் தொழிலில் கருவிச் சோதனைக்குப் பின்னரும் பயிற்சி பெற்றவர்கள் முகர்ந்து பார்த்தே எண்ணெயை ஏற்கின்றனர். மேலும் கலப்படமற்ற எண்ணெயும் இளமரத்திலிருந்து வடித்ததாயின் தரவரையறைக்குக் கீழே அமையலாம். எனவே எல்லைக்குக் கீழுள்ள ஒவ்வோர் எண்ணெயும் கலப்படமானது எனக் கொள்ளுதல் சரியன்று. புதிய முகடுகள் தோன்றினால் கலப்படம் என்றும், அதே முகடுகள் தாழ்ந்திருந்தால் மரம் முதிராமையோ வடிப்பின் குறையோ காரணமாகலாம் என்றும் வேறுபடுத்திக் காணுதல் வேண்டும்.